கிட்டங்கியில் காற்றுக் கம்ப்ரஸர்: வாங்கும் முன்பும் ஓட்டும் போதும்



நமது இதழில் வழக்கமாக வரி, எடைக்கல் முத்திரை, விலை நிலவரம் பற்றித்தான் எழுதி வருகிறோம். இம்முறை ஓர் இயந்திரத்தைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறேன். நான் மெக்கானிக் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்துக்கொண்டு தந்தையாரின் பருப்புக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவன். ஆனால் ஒரு கம்ப்ரஸரை வைத்துக்கொண்டு செய்யக்கூடாத தவறுகளில் மூன்றைச் செய்து, கடவுள் புண்ணியத்தில் உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் கம்ப்ரஸர் என்றால் பஞ்சர் கடை, பெயிண்ட் அடிக்கும் பட்டறை இவற்றோடு சரி. இப்போது மசாலாப் பொடி, பருப்பு, ரவை என்று பாக்கெட் போடும் இயந்திரம் சிறு கடைகளுக்கும் வந்துவிட்டது. அந்த இயந்திரங்களில் பலவற்றுக்குக் காற்றழுத்தம் வேண்டும். கூடவே தட்டு ரிக்‌ஷாவுக்கும் மினி லாரிக்கும் காற்றடிக்கலாம், மாவு மெஷினை ஊதிச் சுத்தம் செய்யலாம் என்று சக்கரம் வைத்த சிறு கம்ப்ரஸர் ஒன்றை வாங்கிக் கிட்டங்கி மூலையில் நிறுத்திவிடுகிறோம். அதன் பிறகு அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பாக்கெட் இயந்திரத்தைத் துடைக்க ஓர் ஆள் உண்டு. கம்ப்ரஸருக்கு யாரும் இல்லை.

தொட்டிக்குள் இருப்பது என்ன?

50 லிட்டர் தொட்டியில் 8 கிலோ அழுத்தத்துக்குக் காற்று ஏற்றினால், வெளியே 400 லிட்டர் இடம் பிடிக்கக்கூடிய காற்றை உள்ளே கூடுதலாக அடைத்திருக்கிறோம் என்று பொருள். (1 கிலோ என்பது சுமார் 14 பவுண்டு, பஞ்சர் கடையில் பவுண்டு என்பார்கள், கம்ப்ரஸர் மெக்கானிக் கிலோ என்பார்.) இதை நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், அந்தத் தொட்டி ஒரே நொடியில் கிழிந்தால் வெளிப்படும் சக்தி 50 கிலோ மூட்டை பத்தை மூன்று மாடி உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. அத்தனை சக்தியைப் பிடித்து நிறுத்தியிருப்பது சில மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு. அந்தத் தகட்டை உள்ளிருந்து அரித்துத் தின்பது தண்ணீர். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றவை தானாகப் புரியும்.

வாங்கும்போது

பாக்கெட் இயந்திரம் விற்பவரிடம் நிமிடத்துக்கு எவ்வளவு காற்று, எத்தனை கிலோ அழுத்தத்தில் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல் கால் பங்கு கூடுதலாகக் காற்றுத் தரும் கம்ப்ரஸரை எடுங்கள். பிஸ்டன் கம்ப்ரஸருக்கு ஓய்வு வேண்டும். ஒரு மணி நேரத்தில் 40 நிமிடத்துக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் இயந்திரம் சிறியது என்று பொருள். தலை கொதித்து வால்வு கருகும். உணவுப் பொருளின் மேல் காற்று படுமானால் எண்ணெய் இல்லாத வகையை வாங்குவதே நல்லது. இல்லாவிட்டால் எண்ணெயையும் ஈரத்தையும் பிரிக்கும் வடிகட்டியாவது கட்டாயம். ஈரக் காற்றுப் பட்ட மல்லிப் பொடி பாக்கெட்டுக்குள் கட்டி தட்டி, வாடிக்கையாளர் கையில் போய்த்தான் பூஞ்சை காட்டும். பெயர் கெடுவது நமக்கு.

நான் 2009-ல் வாங்கியது பழைய இயந்திரம். தொழிலை மூடியவர் ஒருவரிடம் பாதி விலைக்குக் கிடைத்தது. விலை குறைந்த சந்தோஷத்தில் எதையும் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து எண்ணெய் மாற்ற வந்த மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, சேஃப்டி வால்வு இருக்க வேண்டிய இடத்தில போல்ட்டை முறுக்கி வச்சது யாரு?"

"வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது."

"இதைக் கழற்றாம நான் சுவிட்சைத் தொட மாட்டேன்."

வால்வில் காற்றுக் கசிந்திருக்கிறது. முந்தைய உரிமையாளர் சில நூறு ரூபாய் செலவை மிச்சம் பிடிக்கப் போல்ட்டை வைத்து அடைத்துவிட்டார். அழுத்தம் ஏறியதும் மோட்டாரை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் ஒரு நாள் ஒட்டிக்கொண்டிருந்தால், நிறுத்துவதற்கு வேறு எதுவும் இல்லை. ஒரு மாதம் அதன் பக்கத்தில் அமர்ந்துதான் என் கணக்குப்பிள்ளை சிட்டை எழுதியிருக்கிறார். இன்று நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது.

ஆகவே பழையதோ புதியதோ, தொட்டியில் பெயர்த்தகடு இருக்கிறதா, அதிகபட்ச அழுத்தம் தெளிவாக அடித்திருக்கிறதா, சேஃப்டி வால்வு சொந்த இடத்தில் இருக்கிறதா, அளவுமானியின் முள் காற்றில்லாதபோது பூஜ்யத்துக்கு வருகிறதா, பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எண்ணுங்கள். தொட்டியில் வெல்டிங் ஒட்டுத் தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

நிறுத்தும் இடம்

சமதளமான தரை. சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி. பெல்ட் சக்கரம்தான் விசிறியாகவும் வேலை செய்து தலையைக் குளிர்விக்கிறது, அதற்குக் காற்றோட்டம் வேண்டும். சக்கரம் வைத்த இயந்திரம் அதிர்வில் மெல்ல நகரும், கட்டை வைத்துத் தடுங்கள். மாவு, மிளகாய்ப் பொடி பறக்கும் இடத்தில் வைத்தால் காற்று உறிஞ்சும் வடிகட்டி ஒரே வாரத்தில் அடைத்துவிடும். நம்மில் பலர் அதைச் சாக்குக் கட்டுகளுக்கு நடுவில் வைத்து, மேலே ஒரு சாக்கையும் போட்டு மூடி வைத்திருக்கிறோம். ஓடும் கம்ப்ரஸரின் தலை கையை வைத்தால் பொசுங்கும் சூட்டில் இருக்கும். சணல் சாக்குக்கு அதற்கு மேல் வேறு நெருப்பு எதற்கு?

பெட்ரோல் எஞ்சின் கம்ப்ரஸராக இருந்தால் மூடிய கிட்டங்கிக்குள் ஓட்டவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மயக்கம் வருவதற்குள் ஆள் விழுந்துவிடுவார்.

மின்சாரம்

ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது இழுக்கும் மின்சாரம் குறைவுதான். கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஃபேனுக்கும் பல்புக்கும் போட்ட மெல்லிய வயரில் ஜங்ஷன் பாக்ஸ் வைத்து 20 அடி இழுத்தால் மோட்டாருக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் குறையும், கிளம்ப முடியாமல் உறுமும், காயில் கருகும். 16 ஆம்பியர் மூன்று முள் பிளக், அதற்குத் தனி எம்.சி.பி., 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சரியான எர்த் இவை ஒரு குதிரைத்திறனுக்குக் குறைந்தபட்சம். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டிவிடுங்கள். தூரத்தில் காற்று வேண்டும் என்றால் வயரை நீட்டாதீர்கள், காற்றுக் குழாயை நீட்டுங்கள். மும்முனை மின்சாரம் என்றால் முதல் நாளே சக்கரம் அம்புக்குறி காட்டும் திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். இரண்டு வயர் இடம் மாறினால் தலைகீழாகச் சுற்றும், குளிர்காற்று தலைமேல் படாது.

இனி மின்வெட்டு பற்றிச் சொல்ல வேண்டும். இது பலருக்குத் தெரியாது. கம்ப்ரஸர் தானாக நிற்கும்போது "புஸ்" என்று ஒரு சத்தம் வருமே, அது கெடுதல் அல்ல. தலைக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தைப் பிரஷர் சுவிட்ச் வெளியேற்றுகிறது. அப்போதுதான் அடுத்த முறை மோட்டார் பாரமில்லாமல் கிளம்ப முடியும். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ, பிளக்கைப் பிடுங்கினாலோ அந்தப் "புஸ்" நடப்பதில்லை. கரண்ட் திரும்பியதும் மோட்டார் பாரத்தோடு கிளம்பப் பார்த்து உறுமுகிறது. எனவே கரண்ட் போன உடனே பிரஷர் சுவிட்சின் குமிழைத் திருப்பி நிறுத்திவிட வேண்டும். "புஸ்" சத்தம் கேட்க வேண்டும். கரண்ட் வந்து நிலைத்த பிறகு போடுங்கள். இந்த ஒரு பழக்கம் எனக்கு மோட்டார் காயில் செலவை எத்தனையோ முறை மிச்சப்படுத்தியிருக்கிறது.

இன்னொன்று. கம்ப்ரஸர் சொல்லாமல் கிளம்பும் இயந்திரம். தொட்டியில் அழுத்தம் குறைந்தால், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் ஓட ஆரம்பிக்கும். வேட்டி நுனி, தோளில் போட்ட துண்டு, தாவணி எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. துடைப்பதற்குக் கூடப் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

காலையில் ஐந்து நிமிடம்

எண்ணெய்க் கண்ணாடியைப் பாருங்கள். எண்ணெய் சிவப்புப் புள்ளியின் நடுவில் நிற்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, மாற்றியாக வேண்டும். புத்தகத்தில் சொன்ன கம்ப்ரஸர் எண்ணெயையே ஊற்றுங்கள், லாரிக்கு வாங்கிய எஞ்சின் எண்ணெயில் மிச்சமிருக்கிறதே என்று ஊற்றாதீர்கள். அடிக்குழாயைத் திறந்து வைத்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, பிறகு மூடி, முள் ஏறுவதைக் கவனியுங்கள். சேஃப்டி வால்வின் வளையத்தை வாரம் ஒரு முறை அழுத்தம் இருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்ல இழுத்துவிடுங்கள். காற்று சீறி வெளியேறி, விட்டதும் நிற்க வேண்டும். இழுக்க வராவிட்டால் அன்றைக்கு இயந்திரம் ஓடக்கூடாது.

புதிதாக வாங்கிய அன்றே, காலித் தொட்டி எத்தனை நிமிடத்தில் நிறைந்து தானாக நிற்கிறது என்று கடிகாரம் பார்த்துச் சுவரில் எழுதி வையுங்கள். 50 லிட்டர், ஒரு குதிரைத்திறன் என்றால் சுமார் நாலைந்து நிமிடம் ஆகும். ஆறு மாதம் கழித்து அதே வேலைக்கு ஏழு நிமிடம் எடுத்தால் வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது வால்வோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. கசிவைச் சோப்புத் தண்ணீர் காட்டிக் கொடுக்கும். மெக்கானிக்கிடம் "ஏதோ சரியில்லை" என்று சொல்வதற்கும் "மூன்று நிமிடம் கூடுதலாக எடுக்கிறது" என்று சொல்வதற்கும் செலவில் வித்தியாசம் உண்டு.

காற்றுக் குழாய், அழுத்தம் அச்சிட்ட உண்மையான காற்றுக் குழாயாக இருக்கட்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயைக் கம்பி கட்டி மாட்டினால் ஒரு நாள் பிய்த்துக்கொண்டு சாட்டைபோல் சுழற்றி அடிக்கும். சுவரோரம் பி.வி.சி. பைப் ஓட்டிக் காற்றுக் கொண்டு போவதையும் பல கடைகளில் பார்க்கிறேன். தண்ணீர் பைப் வெடித்தால் தண்ணீர் கொட்டும், காற்று பைப் வெடித்தால் பிளாஸ்டிக் சில்லுகள் பறக்கும். இரும்புக் குழாய் போடுங்கள். குழாயைக் கழற்றும் முன் அதிலுள்ள காற்றை வெளியேற்றுங்கள்.

சாயங்காலம் தண்ணீர்

நம் ஊர்க் காற்றில் ஈரம் உண்டு. காற்றை நெருக்கினால் ஈரம் தண்ணீராகிறது. மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் முழுதாக ஓடிய சிறு கம்ப்ரஸரின் தொட்டிக்குள் ஏறக்குறைய அரை டம்ளர் தண்ணீர் சேர்ந்திருக்கும். கடையடைக்கும்போது சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றி, மிச்சக் காற்றோடு அடிக்குழாயைத் திறந்தால் துருவும் எண்ணெயும் கலந்த தண்ணீர் பீச்சிக்கொண்டு வரும். முழுதும் வடிந்த பிறகு குழாயைத் திறந்தே வைத்துவிட்டுப் போகலாம். அடியில் இருக்கும் குழாய் என்பதால் குனியச் சோம்பல். அந்தச் சோம்பல்தான் தொட்டியைத் தின்கிறது. நான் ஏழு வருடம் வாரத்துக்கு ஒரு முறை கூட ஒழுங்காகத் திறக்கவில்லை. 2016-ல் தொட்டியின் வயிற்றில் ஊசிமுனைத் துவாரம் விழுந்து மெல்லிய விசில் சத்தம் கேட்டது. வெல்டிங் பட்டறையில் "அஞ்சு நிமிஷ வேலை, அடைச்சுத் தர்றேன்" என்றார்கள். பழைய மெக்கானிக் தடுத்தார். ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தது என்றால் அதைச் சுற்றிலும் தகடு காகிதமாக மெலிந்திருக்கிறது, பற்ற வைக்கும் சூடு அதை இன்னும் கெடுக்கும் என்றார். தொட்டியை மாற்ற வேண்டும், ஒட்டக்கூடாது.

தூசி ஊதும்போது

இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

2012-ல் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். கிட்டங்கியையும் கடலை மாவு அரைக்கும் அறையையும் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். எங்களிடம் வேலை பார்த்த தம்பி ஒருவர் விட்டத்திலும் மெஷின் மேலும் படிந்திருந்த மாவைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதிக்கொண்டிருந்தார். துடைப்பத்தால் அரை நாள் ஆகும் வேலை, காற்றடித்தால் பத்து நிமிடம். அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அறை முழுவதும் மாவு மேகமாக மிதந்தது. அறை வாசலுக்கு உள்ளே சாமி படத்தின் முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. "குப்" என்று ஒரு மஞ்சள் வெளிச்சம் வந்தது. அடுத்த நொடி அந்தத் தம்பி வெளியே ஓடி வந்தார். தலைமுடி, புருவம், முன்கை பொசுங்கியிருந்தன. பத்து நாள் ஆஸ்பத்திரி. விளக்கு காற்றில் சாய்ந்து படத்துக் காகிதம் பற்றியிருக்கும் என்றே நாங்கள் முதலில் பேசிக்கொண்டோம். தீயணைப்பு நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற எங்கள் தெருக்காரர்தான் எரிந்தது மாவு என்று விளக்கினார்.

மாவு, சர்க்கரைத் தூள், மஞ்சள் தூள், மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி எல்லாம் எரியும் பொருள்களே. மூட்டையில் இருக்கும்போது தீக்குச்சி வைத்தாலும் சட்டென்று பற்றாது. அதே பொடி மூடிய அறையில் காற்றில் மிதக்கும்போது ஒவ்வொரு துகளைச் சுற்றியும் காற்று இருக்கிறது. ஒரு பொறி பட்டால் மொத்தமாக ஒரே நொடியில் எரிகிறது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1878-ல் ஒரு பெரிய மாவு ஆலை இப்படி வெடித்து 18 பேர் இறந்தார்கள். அதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்ல முடியாது. 2008 பிப்ரவரியில் அதே நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில் சர்க்கரை ஆலை ஒன்றில் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். நம் நாட்டில் 1948-ல் இயற்றிய தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, அழுத்தத்தில் இயங்கும் இயந்திரங்களுக்கு 31-ஆம் பிரிவும், வெடிக்கக்கூடிய தூசிக்கு 37-ஆம் பிரிவும் எழுதி வைத்தார்கள். நாம் ஆலை அல்ல, கடைதானே என்று நினைக்கிறோம். மாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பொடி படிந்த இடத்தைத் துடைப்பத்தாலோ, ஈரத் துணியாலோ, தூசி உறிஞ்சும் இயந்திரத்தாலோ சுத்தம் செய்யுங்கள். மெஷினின் இடுக்கில் ஊதியே ஆக வேண்டும் என்றால் மெஷினின் மின்சாரத்தை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, பீடி எதுவும் பக்கத்தில் இல்லை என்று பார்த்து, அழுத்தத்தைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊதுங்கள். ஊதும் அழுத்தம் 30 பவுண்டுக்குக் கீழே, அதாவது 2 கிலோவுக்கு உட்பட்டு இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி கட்டாயம். மிளகாய்ப் பொடி கண்ணில் விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 8 கிலோ வேகத்தில் விழுந்தால் எரிச்சலோடு போகாது.

வேலை முடிந்ததும் சட்டையில் உள்ள தூசியைக் காற்றடித்துத் தட்டிக்கொள்ளும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. உடலில் சிறு காயம் இருந்தால் அதன் வழியே காற்று தோலுக்குள் புகும். காதில் பட்டால் செவிப்பறை கிழியும். இன்னும் ஒன்றைக் கூச்சப்படாமல் சொல்கிறேன். வேலைக்காரப் பையன்கள் விளையாட்டாக ஒருவர் பின்புறத்தில் ஒருவர் காற்றைப் பிடித்து, குடல் கிழிந்து உயிர் போன செய்திகள் நம் நாட்டுப் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கின்றன. செய்தவனுக்கும் கொல்லும் எண்ணம் இல்லை. நம் கடைக்கு வரும் பையன்களை வேலைக்குச் சேர்க்கும் அன்றே உட்கார வைத்து இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். காற்றுக் குழாயை மனிதர் மேல் திருப்பினால் அன்றோடு வேலை இல்லை என்பது எங்கள் கிட்டங்கியில் சட்டம். எனக்கும் அது பொருந்தும். என் பேரன் ஒருமுறை என்னையே பிடித்துக் கொடுத்திருக்கிறான்.

டயருக்குக் காற்றடிக்கும்போது அளவுமானி இல்லாமல் உத்தேசமாக அடிக்காதீர்கள். மினி லாரி டயரின் பக்கவாட்டுக்கு நேராக முகத்தை வைத்துக் குனிய வேண்டாம். பெரிய லாரி டயரைக் கிட்டங்கியில் தொடவே வேண்டாம். அதற்கு இரும்புக் கூண்டு வைத்திருக்கும் டயர் கடை உண்டு.

ஆயுத பூஜைக்கு இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது நம் வழக்கம், நானும் வைக்கிறேன். எண்ணெய்க் கண்ணாடி மேலும் அளவுமானி மேலும் வைக்காமல் தொட்டியின் நெற்றியில் வையுங்கள். மாலையை மறுநாள் சுவிட்ச் போடும் முன் எடுத்துவிடுங்கள்.

அந்தத் தம்பி இன்று சாத்தூர்ப் பக்கம் சொந்தமாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். சரக்கு எடுக்க மாதம் இரண்டு முறை வருவார். வலது புருவத்தின் ஓரம் இன்னும் முளைக்கவில்லை. போன தீபாவளிக்கு முன்பு வந்தபோது, பாக்கெட் இயந்திரம் வாங்கப் போவதாகவும் பழைய கம்ப்ரஸர் ஒன்று சல்லிசாக வருவதாகவும் சொன்னார். நான் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு அவரோடு போய்ப் பார்த்தேன். சேஃப்டி வால்வு இருந்தது, பெயர்த்தகடும் இருந்தது. மெக்கானிக் அடிக்குழாயைத் திறந்தார். வந்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு மூவரும் திரும்பிவிட்டோம்.

2016-ல் கழற்றிய என் தொட்டியைப் பழைய இரும்புக்குப் போடும் முன், வேறு யாரும் எடுத்து ஒட்டிப் பயன்படுத்திவிடக்கூடாது என்று நாலு இடத்தில் டிரில் போட்டு ஓட்டையாக்கிவிட்டேன். இரும்புக் கடைக்காரர் அதற்காக விலையில் எதுவும் குறைக்கவில்லை. எடைக்குத்தானே எடுக்கிறார்.